மிஸ்ட், ஃபாக், ஹார், ரோக்: எல்லாவற்றுக்கும் ‘பனிமூட்டம்’ ஒன்றுதானா?

சொல்தேடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் உள்ள ஒரு மீனவ ஊரைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். மூன்றாவது கட்டுரையில் வந்து நின்றுவிட்டேன். மொத்தம் நான்கே பக்கம். அதற்குள் மிஸ்ட், ஃபாக், ஹேஸ், ஃப்ரெட், ஹார், ரோக், மிஸில் என்று ஏழு சொற்கள் வருகின்றன.

முதல் வரைவில் முதல் பத்திக்குப் பனிமூட்டம் என்று போட்டேன், இரண்டாவதற்கு மூடுபனி, மூன்றாவதற்கு மறுபடியும் பனிமூட்டம், நான்காவதற்கு அடர்ந்த பனிமூட்டம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அந்த ஊரில் எப்பவும் ஒரே பனிதானா?” என்றார். அந்தக் கேள்வி மூன்று நாளாகக் குடைகிறது. மூலத்தில் பேசும் கிழவர் காலையில் ஒரு சொல் சொல்கிறார், மாலையில் வேறு சொல் சொல்கிறார். அவருக்கு அவை வேறு வேறு விஷயங்கள். என் தமிழில் அவர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்பவராகிவிட்டார்.

என்னிடம் இருக்கும் அகராதிகளைப் புரட்டிவிட்டேன். மிஸ்டுக்கும் மூடுபனி, ஃபாகுக்கும் மூடுபனி. ஹாரும் ரோக்கும் அவற்றில் இல்லவே இல்லை. இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன, அந்த மக்கள் எதை வைத்து இவற்றைப் பிரிக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அளவுகோல் எழுதியது:

சகோதரி, இதில் குழப்பமே வேண்டாம். வானிலைத் துறையில் வரையறை இருக்கிறது. 1,000 மீட்டருக்கு அப்பால் இருப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது ஃபாக். 1,000 மீட்டரும் அதற்கு மேலும் தெரிந்தால் மிஸ்ட். இரண்டுமே காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள்தான். ஹேஸ் என்பது வேறு. அது தூசி, புகை, உப்புத் துகள் போன்ற உலர்ந்த பொருட்களால் வரும் மங்கல். பிரிட்டனின் கடல் வானிலை அறிக்கையும் இதையே பின்பற்றுகிறது. 1,000 மீட்டருக்குக் கீழே, அதாவது ஃபாக் என்றால் ‘மிக மோசம்’, அங்கிருந்து 2 கடல் மைல் வரை ‘மோசம்’, 5 கடல் மைல் வரை ‘சுமார்’, அதற்கு மேல் ‘நன்று’.

ஆகவே அடர்மூட்டம், மென்மூட்டம், வறள்மூட்டம் என்று மூன்று சொல் வைத்துக்கொண்டால் உங்கள் வேலை முடிந்தது. மற்ற நான்கும் வட்டார வழக்குகள். அவற்றை இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் அடக்கிவிடலாம்.

வடகடல் எழுதியது:

அளவுகோல் அண்ணா, மன்னிக்க வேண்டும், ஹாரை அப்படி அடக்க ஏலாது.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். 19 வருடமாக ஸ்காட்லாந்தின் அபர்தீனில் இருக்கிறேன், முதியோர் இல்லமொன்றில் தாதியாக வேலை. இங்கே ஹார் என்பது எல்லோரும் நாளாந்தம் சொல்கிற சொல். வந்த முதல் வருடம், யூன் மாதம் ஒரு நாள் நல்ல வெயில். நகரத்துக்குள்ளே சனம் அரைக்கைச் சட்டையோடு திரிந்தது. பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பஸ்ஸை விட்டு இறங்கினால் கடலைக் காணவில்லை. கடல் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர். சத்தமில்லாமல் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் என் கையைப் பிடித்திருந்த மகளின் முகம் மட்டும்தான் தெரிந்தது. சுவெற்றர் கொண்டுபோகவில்லை. பற்கள் கிட்டித்துப்போய்த் திரும்பினோம். பஸ் நாலு தரிப்பிடம் தாண்டியதும் மறுபடி அதே வெயில்!

இல்லத்தில் ஒரு ஐயா இருக்கிறார், பழைய மீன்பிடிகாரர். கண் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் எங்களுக்கு முதல் அவர்தான் சொல்வார், “யன்னலைச் சாத்து பிள்ளை, ஹார் வருகிறது” என்று. காற்று கிழக்குக்குத் திரும்பினதை முகத்திலே உணர்ந்துவிடுவார். அவர் ஒருநாளும் எத்தனை மீட்டர் என்று கதைத்ததில்லை.

சொல்தேடி எழுதியது:

வடகடல், இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்! அந்த வெள்ளைச் சுவர் என் கட்டுரையிலும் வருகிறது. நான் அதை “எங்கும் பனி படர்ந்தது” என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்றிரவே அந்த வரியை அடிக்கிறேன்.

பழஞ்சொல் எழுதியது:

நான் பழைய ஆங்கிலம் படித்தவன், இப்போது லீட்ஸில் இருக்கிறேன். இந்தத் தலைப்பைப் பார்த்ததும் கை பரபரத்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழில் மூத்தது மிஸ்ட். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே இதே வடிவத்தில் இருக்கிறது. பேவுல்ஃப் காவியத்தின் ஏட்டுப் பிரதி ஏறக்குறைய கி.பி. 1000-ஐ ஒட்டியது. அதில் கிரெண்டல் என்ற கொடிய உரு மண்டபத்தை நோக்கி வரும் இடத்தில், ‘மிஸ்ட்-ஹ்லித்’ என்றொரு கூட்டுச்சொல் வருகிறது. ஹ்லித் என்றால் மலைச்சரிவு. மஞ்சு மூடிய சரிவுகளின் கீழிருந்து அவன் நடந்து வருகிறான். அங்கே மிஸ்ட் அழகுப் பொருளே இல்லை. எதிரி ஒளிந்து வரும் இடம்.

அந்தக் காலத்தில் மிஸ்ட் என்றால் வெண்மை நினைவுக்கு வராது, இருட்டுதான் வரும். மங்கல், தெளிவின்மை, பார்வைக் குறைவு எல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருந்தன. இதற்கு என்னிடம் இருக்கும் சிறந்த சான்று கவிதையில் இல்லை, ஒரு வைத்தியச் சுவடியில் இருக்கிறது. ‘பால்டின் மருத்துவ நூல்’ என்று அழைக்கப்படும் அந்தச் சுவடி 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. தலை நோய்களுக்கு அடுத்ததாகக் கண் நோய்கள் வருகின்றன. அங்கே ‘கண்களின் மிஸ்டுக்கு’ மருந்து சொல்கிறார்கள். செலண்டைன் என்ற மஞ்சள் பூச்செடியின் சாற்றை அல்லது பூவை எடு, பெருந்தேனீயின் தேனில் கல, செம்பு கலந்த உலோகப் பாத்திரத்தில் ஊற்று, வெதுவெதுப்பான தணலில் பக்குவமாகச் சூடாக்கு. தணலின் சூட்டைக்கூட ஒருவர் கவனமாக எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு முன்னால் கண் மங்கிய யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்திருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

யெனிப் என்று இன்னொரு சொல் இருந்தது. அதுவும் மூடுபனி, மேகம், இருள் மூன்றையும் குறித்தது. ‘இருண்டு வருதல்’ என்ற வினையிலிருந்து பிறந்தது. பேவுல்ஃபிலேயே மலையருவி ஒன்று பாறை முனைகளின் யெனிப்புக்குக் கீழே போய் மறைகிறது. இந்தச் சொல் பிற்கால ஆங்கிலத்துக்கு வந்து சேரவில்லை. எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம் உண்டு.

சொல்தேடி எழுதியது:

பழஞ்சொல், யெனிப்புக்குத் தமிழில் நேராக ஒரு சொல் இருக்கிறதே! மங்குல். மேகம் என்றும் பொருள், இருள் என்றும் பொருள், இரவு என்றும் பொருள். இதில் ஓர் ஆச்சரியம் என்னவென்றால், உங்கள் வைத்தியச் சுவடியின் ‘கண்களின் மிஸ்டை’ நாம் கண் மங்கல் என்றுதானே சொல்வோம்? வானத்தில் மங்குல், கண்ணில் மங்கல். அவர்கள் ஒரு சொல்லில் சேர்த்து வைத்ததை நாம் பக்கத்துப் பக்கத்துச் சொற்களில் வைத்திருக்கிறோம்.

பழஞ்சொல் எழுதியது:

அருமை! நான் ஒருநாளும் இப்படி யோசித்ததில்லை. பதிலுக்கு நானும் ஒன்று தருகிறேன். மிஸ்ட் என்ற சொல்லின் வேர் இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் பரந்து கிடக்கிறது. கிரேக்கத்தில் ஓமிக்லே, ரஷ்ய மொழியில் ம்க்லா, இரண்டும் மூடுபனிதான். அதே வேர் சமஸ்கிருதத்தில் மேக என்று ஆகிறது. நாம் அதை வாங்கி மேகம் என்று தினமும் சொல்கிறோம். அந்த வகையில் மிஸ்டும் மேகமும் தூரத்து உறவுகள். ஆனால் உறவு ஆங்கிலத்துக்கும் சமஸ்கிருதத்துக்கும் நடுவில்தான். தமிழ் அதை இரவல் வாங்கியது. ஓசை ஒத்துப்போகிறது என்று மூட்டத்தையும் மிஸ்டையும் யாராவது முடிச்சுப் போட வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

கொடைமலை எழுதியது:

குறுக்கே ஒரு வார்த்தை. கொடைக்கானல் பக்கம் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதற்குப் பனிமூட்டம் என்று சொல்லவே மாட்டார்கள். மேகம் இறங்கிருச்சு என்பார்கள். பழஞ்சொல் எழுதியதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

மாலுமி எழுதியது:

தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பலில் சீஃப் ஆபீசர். ஃப்ரெட் பற்றி நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

வடகடலில், இங்கிலாந்தின் டீஸ் ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு, உள்ளே போக முறைக்காகக் காத்திருந்தோம். மே மாதம். விடியற்காலை நாலு மணிக்கு நான் கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜுக்குப் போகும்போது வானம் தெளிவாக இருந்தது. ஐந்தரைக்கு எங்கள் கப்பலின் முன்முனை எங்களுக்கே தெரியவில்லை. கைப்பிடிக் கம்பிகளில் தண்ணீர் கோத்துச் சொட்டிக்கொண்டிருந்தது, மழையே இல்லை. நங்கூரத்தில் நிற்கிற கப்பல் ஃபாகில் நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது ஐந்து வினாடி மணியடிக்க வேண்டும். நகர்ந்துகொண்டிருக்கும் இயந்திரக் கப்பல் இரண்டு நிமிஷத்துக்குள் ஒரு நீண்ட ஊதல் ஊத வேண்டும். சுற்றிலும் வெள்ளை. அதற்குள்ளிருந்து எங்கேயோ ஒரு மணி, எங்கேயோ ஓர் ஊதல். எந்தப் பக்கம் என்று காது ஏமாற்றும். ரேடார் இருந்தாலும் முன்முனையில் ஒரு ஆளை நிறுத்தி வைத்தேன்.

லாக் புக்கில் நான் எழுதியது ஃபாக், பார்வைத் தூரம் 2 கேபிள். ஒரு கேபிள் ஏறக்குறைய 185 மீட்டர். சட்டப்படி அதுதான் எழுத வேண்டும், அளவுகோல் ஐயா சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுபோக பைலட் ஏறினாரே, அவர் அந்த ஊர்க்காரர். வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஃப்ரெட் வந்திருக்கிறது, அவ்வளவுதான்” என்றார். அப்புறம், ஆற்றுக்குள் ஒரு மைல் போனால் வெயில் அடிக்கும் என்றார். போனோம். வெயில் அடித்தது. கோட்டையே கழற்றினேன்.

என் ஃபாக் அந்த நிமிஷத்தில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை மட்டும் சொன்னது. அவருடைய ஃப்ரெட் அது எங்கிருந்து வந்தது, எங்கே முடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னது. கப்பலை உள்ளே கொண்டுபோன மனுஷனுக்கு இரண்டாவதுதான் அதிகம் தேவைப்பட்டது.

அளவுகோல் எழுதியது:

மாலுமி தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்ன வரையறை அடர்த்தியைப் பற்றியது. மூட்டம் உருவாகும் விதத்தைப் பற்றியது அல்ல. இயற்பியலிலும் இந்தப் பிரிவு உண்டு.

வடகடல் தண்ணீர் வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் இன்னும் குளிர்ந்தே இருக்கும். அதன்மேல் ஈரப்பதம் நிறைந்த இளஞ்சூடான காற்று நகர்ந்து வரும்போது அடிப்பகுதி குளிர்ந்து நீர்த்துளிகள் உண்டாகின்றன. கிழக்குக் காற்று அதைக் கரைக்குத் தள்ளுகிறது. நிலம் சூடாக இருப்பதால் உள்ளே போகப் போகத் துளிகள் ஆவியாகி மூட்டம் கரைந்துவிடுகிறது. பஸ் நாலு தரிப்பிடத்தில் வெயிலுக்குள் போனது இதனால்தான். ஹாரும் ஃப்ரெட்டும் இந்த வகை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அதிகம் வரும்.

உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் காலையில் நிற்கும் மூட்டம் வேறு. அது தெளிந்த, காற்றில்லாத நீண்ட இரவில் தரை தன் வெப்பத்தை இழந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்வதால் அங்கேயே பிறப்பது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான் மிகுதி. பார்வைத் தூரம் இரண்டிலும் 200 மீட்டராக இருக்கலாம், ஆனால் பிறப்பு வேறு. அந்த ஊர்க்காரர்கள் பிறப்பை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். என் மூன்று சொற்களை நான் திரும்பப் பெறவில்லை. அவை அறிக்கைக்கு. உங்கள் கட்டுரைக்குப் போதாது, சரி.

சொல்தேடி எழுதியது:

அப்படியென்றால் ஹாருக்கும் ஃப்ரெட்டுக்கும் என்ன வித்தியாசம்?

வடகடல் எழுதியது:

பொருள் ஒன்றுதான் அக்கா, ஊர்தான் வேறு. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஹார். தெற்கே நார்தம்பர்லாந்து, யார்க்‌ஷயர் கரைக்குப் போனால் ஃப்ரெட், அல்லது கடல் ஃப்ரெட். நடுவில் சில ஊர்களில் இரண்டையும் சொல்வார்கள். எங்கள் இல்லத்தில் நியூகாசில் பக்கத்து அம்மா ஒருவர் இருக்கிறார். ஐயா ஹார் என்றால் அவர் ஃப்ரெட் என்று திருத்துவார். ஒவ்வொரு முறையும். இரண்டு பேருமே தங்கள் சொல்லை விட்டுக்கொடுத்ததில்லை.

உங்கள் கட்டுரையில் இரண்டும் வருகிறதென்றால் யார் வாயில் எது வருகிறது என்று பாருங்கள். வெளியூரிலிருந்து வந்த ஆள் யாரும் இருக்கக்கூடும்.

சொல்தேடி எழுதியது:

இருக்கிறார்! ஹார் என்று சொல்வது ஸ்காட்லாந்திலிருந்து மீன் பதப்படுத்த வந்த பெண். நான் கவனிக்கவே இல்லை. ஒரு சொல்லை அழித்திருந்தால் அந்தப் பெண்ணின் ஊரையே அழித்திருப்பேன்.

பழஞ்சொல் எழுதியது:

இப்போது ரோக். கிழக்கு ஆங்கிலியா, அதாவது நார்ஃபோக், சஃபோக் பக்கத்துச் சொல். யார்க்‌ஷயரிலும் கேட்கலாம். தாழ்ந்த சதுப்பு நிலம், வாய்க்கால், ஈரப் புல்வெளி. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அந்தத் தண்ணீரிலிருந்து இடுப்பளவுக்கு ஒரு வெள்ளை எழும்பும். மாடுகளின் கால் தெரியாது, முதுகு மட்டும் மிதக்கும். அதுதான் ரோக். கடலிலிருந்து வந்தால் கடல் ரோக் என்பார்கள். 1440 வாக்கில் நார்ஃபோக்கின் லின் நகரில் ஒரு துறவி தொகுத்த ஆங்கில-லத்தீன் அகராதியில் ரோக் இருக்கிறது. பக்கத்தில் ‘மிஸ்ட்’ என்று விளக்கம், லத்தீனில் நெபுலா. தன் ஊர்ச்சொல் வெளியூராருக்குப் புரியாது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது போலும்.

இந்த மாதிரி வட்டாரச் சொற்கள் இன்றைக்கு நம் கைக்குக் கிடைப்பதற்கு ஒருவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஜோசப் ரைட். 1855-இல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். ஆறு வயதில் வேலைக்குப் போனார், அப்புறம் கம்பளி ஆலையில். பதினைந்து வயது வரை எழுதப் படிக்கத் தெரியாது. பின்பு தானாகப் படித்து, ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானார். 1898 முதல் 1905 வரை ஆங்கில வட்டார வழக்கு அகராதியை 6 தொகுதிகளாகக் கொண்டுவந்தார். பள்ளியில் போய்க் கற்காத மொழி, தாயிடம் கேட்ட மொழி, அவ்வளவு பெரிய நூலாக ஆனது. 1950-இல் தொடங்கி ஹரால்ட் ஆர்ட்டன் இதே லீட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்களை அனுப்பி, இங்கிலாந்து முழுக்க 313 ஊர்களில் வயதான உழவர்களிடம் சொற்களைக் கேட்டு எழுத வைத்தார்.

மாலுமி எழுதியது:

ஃபாக் என்ற சொல் எங்கிருந்து வந்தது? நாள் முழுக்க எழுதுகிற சொல்.

பழஞ்சொல் எழுதியது:

ஃபாக் வயதில் இளையது. மூடுபனி என்ற பொருளில் 16-ஆம் நூற்றாண்டில்தான் தலை காட்டுகிறது. அதற்கு முன்பே ஆங்கிலத்தில் ஃபாக் என்று ஒரு சொல் இருந்தது, ஆனால் அது புல்! வைக்கோலுக்காகப் புல்லை அறுத்த பின் மறுபடி தழைக்கிறதே, அந்த மறுதழைப்பு. வட இங்கிலாந்து உழவர்கள் மாட்டை ‘ஃபாகில் விடுவது’ என்பார்கள். யார்க்‌ஷயர் ஃபாக் என்று ஒரு புல்வகைக்கு இன்றும் பெயர். தொட்டால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்கும். ஜூன் மாதம் பூத்து நிற்கும்போது வயல்மேல் இளஞ்சிவப்பாகப் புகை நிற்பதுபோலத் தெரியும்.

புல்லுக்கும் மூடுபனிக்கும் என்ன சம்பந்தம் என்பதில் இரண்டு கருத்து. பாசியும் ஈரமும் படிந்த நிலத்தை ஃபாகி என்று சொல்லி, அங்கிருந்து அந்த நிலத்தின்மேல் நிற்கும் காற்றுக்குப் போயிருக்கலாம் என்பது ஒன்று. டேனிஷ் மொழியில் கடல்திவலை, பனித்தூவல் என்ற பொருளுள்ள ஃபாக் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் சதுப்பில் விடியற்காலை நின்று பார்த்தால் புல் எங்கே முடிகிறது, மூட்டம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் பிடித்திருக்கிறது என்பது சான்றாகாது.

ஹேஸ் இன்னும் இளையது. இதில் பெயரடை முந்திப் பிறந்தது. ஹேஸி என்று 17-ஆம் நூற்றாண்டில் கடலோடிகள் பேச்சில் வருகிறது. ஹேஸ் என்ற பெயர்ச்சொல்லை அதிலிருந்து பின்னால் வெட்டி எடுத்தார்கள்.

மிஸில் என்பது மிஸ்டும், தூறலைக் குறிக்கும் டிரிஸிலும் சேர்ந்தது என்று பலர் நினைப்பார்கள். அது இடைக்கால ஆங்கிலத்திலேயே இருந்த தனிச்சொல், டச்சு மொழியிலும் உறவு இருக்கிறது. டெவன், கார்ன்வால் பக்கம் அதிகம் புழங்கும். மழை பெய்கிறதா என்று கையை நீட்டினால் தெரியாது, அரை மணி நடந்தால் சட்டை நனைந்திருக்கும்.

சிங்கைக்காரன் எழுதியது:

ஹேஸ் என்றதும் உள்ளே வந்துவிட்டேன். சிங்கப்பூரில் ஹேஸ் என்றால் இந்தோனேசியக் காடுகளும் கரிநிலமும் எரியும் புகை. தமிழ்ச் செய்தியில் புகைமூட்டம் என்கிறோம். 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தரக் குறியீடு 401-ஐத் தொட்டது. மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு. அந்த வாரம் முழுக்க ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி அடைத்து உட்கார்ந்திருந்தோம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டாலே நெஞ்சு அடைக்கும். எனவே சகோதரி, கட்டுரையில் வருவது கோடை மதியத்தில் தூரத்துக் கடல் மங்கலாகத் தெரிவது என்றால், தயவுசெய்து புகைமூட்டம் என்று போடாதீர்கள். எங்கள் ஊர் வாசகர்களுக்கு வேறு படம் விரியும்.

சொல்தேடி எழுதியது:

நன்றி சிங்கைக்காரன். அதைத்தான் போட்டு வைத்திருந்தேன். எடுத்துவிடுகிறேன். ‘வெயில் மங்கல்’ என்று எழுதினால்?

சிங்கைக்காரன் எழுதியது:

அது நன்றாக இருக்கிறது.

அளவுகோல் எழுதியது:

புகையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஸ்மாகையும் சேர்த்துவிடலாம். ஸ்மோக், ஃபாக் இரண்டையும் இணைத்த சொல். 1905-இல் லண்டனில் ஒரு பொதுச் சுகாதார மாநாட்டில் மருத்துவர் தே வோ பேசியதிலிருந்து பரவியது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய நிலக்கரிப் புகைமூட்டத்தில் இறந்தவர்கள் 4,000 என்று முதலில் மதிப்பிட்டார்கள். பிற்கால மதிப்பீடு 12,000 வரை போகிறது. பஸ்ஸுக்கு முன்னால் நடத்துநர் விளக்கோடு நடந்து வழிகாட்டினார். 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இந்தச் சொல்லை உங்கள் மீனவ ஊரோடு கலக்க வேண்டாம்.

பழஞ்சொல் எழுதியது:

சொல்தேடி, ஒரு வரியைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன், உங்களுக்கு உதவும். 14-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட, சர் கவைன் என்ற வீரனைப் பற்றிய கவிதை. எழுதியவர் பெயர் தெரியாது. வடமேற்கு இங்கிலாந்தின் வழக்கில் எழுதியவர். கவைன் தன் சாவை எதிர்பார்த்து மலைப்பாதையில் போகும் காலையை இப்படிச் சொல்கிறார்: மிஸ்ட் பாழ்வெளியில் கசிந்தது, மலைகளில் உருகியது, ஒவ்வொரு குன்றுக்கும் ஒரு தொப்பி, பெரியதொரு மிஸ்ட்-ஹக்கெல். ஹக்கெல் என்றால் மேலங்கி. ‘கசிந்தது’ என்று நான் எழுதிய இடத்தில் மூலத்தில் ‘மக்’ என்ற வினை. ஸ்காண்டிநேவியப் பக்கத்திலிருந்து வந்தது. இன்று புழுக்கமான நாளை ஆங்கிலத்தில் மக்கி என்கிறார்களே, அது இதே குடும்பம்தான். குளிர்ந்த தூவானமாக இருந்த சொல் நாளடைவில் புழுக்கமாக மாறிவிட்டது.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த வரியின் வினைகளை. கசிந்தது, உருகியது. பெயர்ச்சொல் ஒன்றே ஒன்றுதான், மிஸ்ட். வேறுபாட்டையெல்லாம் வினை தாங்குகிறது.

அளவுகோல் எழுதியது:

அப்படியானால் ஹாருக்குக் கடற்பனி என்று ஒரு சொல் ஆக்கலாமா?

மாலுமி எழுதியது:

வேண்டாம் ஐயா. கடற்பனி என்றால் உறைந்த கடல் என்றுதான் எனக்குத் தோன்றும்.

வடகடல் எழுதியது:

எனக்கும் அப்படித்தான். இங்கே குளிர்காலத்தில் தெருவில் கொட்டுவதையும் நாங்கள் பனி என்றுதான் சொல்கிறோம்.

சொல்தேடி எழுதியது:

இந்தப் பனி என்ற சொல்தான் என் முதல் வரைவைக் கெடுத்தது என்று இப்போது புரிகிறது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்போம். நம் பனி மேலிருந்து இறங்குவது, இரவில் பெய்வது, எலும்பில் ஏறும் குளிர். ஹார் பக்கவாட்டில் வருகிறது, பட்டப்பகலில் வருகிறது. ரோக் கீழிருந்து எழுகிறது. பனி என்று எழுதிய உடனே தமிழ் வாசகர் தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பார். கிழவர் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மஞ்சு என்ற சொல் மேகத்துக்கும் மலைமேல் தவழ்வதற்கும் ஆகிவரும், குளிரையும் உறைவையும் உடன் இழுத்து வராது. ஆகவே கதைசொல்லியின் வாக்கியங்களில் மஞ்சு. வினை இடத்துக்கு இடம் மாறும். ஊர்க்காரர்கள் பேசும்போது ஹார், ஃப்ரெட், ரோக் அப்படியே தமிழ் எழுத்தில். அடிக்குறிப்பு இல்லை. பக்கத்து வாக்கியமே விளக்கிவிட வேண்டும். வடகடல், ஒரு உதவி. உங்கள் ஐயாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா, ஹார் வருகிறதா, விழுகிறதா, எழுகிறதா? அவர் எந்த வினை சொல்கிறார்?

வடகடல் எழுதியது:

நாளைக்கு இரவு வேலை. கேட்டுச் சொல்கிறேன் அக்கா.

வடகடல் எழுதியது:

கேட்டேன். தேநீர் கொடுக்கும்போது கேட்டேன், அரை மணித்தியாலம் கதைத்தார். ஹார் “உள்ளே வரும்” என்றார். விருந்தாளி வருவதுபோல வாசலால் உள்ளே வருமாம். குன்றில் இருக்கும் மிஸ்ட் “கீழே வரும்”. ஹார் விலகினதைப் போய்விட்டது என்று சொல்ல மாட்டாராம், “வெளியே நிற்கிறது” என்பாராம். கரையில் வெயில் அடித்தாலும் கடலில் அது நின்றுகொண்டுதான் இருக்கும், மாலையில் திரும்பவும் வரலாம். அதை மறந்துபோய் வள்ளத்தை எடுத்தவர்கள் சிலரைத் தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மேலே கேட்கவில்லை.

சொல்தேடி எழுதியது:

வடகடல், அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தப் பத்தியை மாற்றி எழுதிவிட்டேன். இதுதான்:

“மதியத்துக்கு மேல் காற்று கிழக்கே திரும்பியது. கடல்மேல் நின்றிருந்த மஞ்சு சத்தமில்லாமல் படகுத்துறையைத் தாண்டி உள்ளே வந்தது. ‘ஹார் வந்துவிட்டது’ என்று வடக்கத்திப் பெண் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். ‘ஃப்ரெட்’ என்றார் கிழவர். நான்கு மணிக்குத் தெருவில் வெயில் விழுந்தது. பையன்கள் துறைக்கு ஓடினார்கள். ‘எங்கேடா ஓடுகிறீர்கள், அது வெளியேதான் நிற்கிறது’ என்று கிழவர் கூப்பிட்டார். பொழுது சாய்ந்து, ஊருக்குப் பின்னாலிருந்த ஈர வயலில் ரோக் எழுந்தபோது, மாடுகள் கால்களில்லாமல் வீடு திரும்பின.”

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இந்த முறை பனியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அந்தப் பையன்கள் படகை எடுத்தார்களா?” என்று கேட்டார்.